லெகாட் யாருடைய இரட்டை?

ஜோசப் கான்ராடின் 'தி சீக்ரெட் ஷேரர்' கதையைப் படித்து முடித்தவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். கேப்டனின் அறையில் ஒளிந்திருக்கும் லெகாட் நிஜமான ஆளா, இல்லை கேப்டனின் மனம் உண்டாக்கிய உருவமா? நிஜமான ஆள் என்றால் கேப்டன் எதற்காக மூச்சுக்கு முந்நூறு தரம் 'என் இரட்டை', 'என் இன்னொரு நான்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்?

லெகாட் நிஜம்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேள்வியின் இரண்டாம் பாதிக்குத்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

கதையைப் படித்து நாளாகிவிட்டவர்களுக்காகச் சுருக்கம். சயாம் வளைகுடா, மேனாம் ஆற்றின் முகத்துவாரம். இங்கிலாந்து திரும்ப வேண்டிய ஒரு பாய்மரக் கப்பல் காற்றுக்காக நங்கூரமிட்டு நிற்கிறது. கதை சொல்லும் கேப்டன் இளைஞர், பொறுப்பேற்று இரண்டு வாரம்தான் ஆகிறது. மற்ற எல்லாரும் ஒன்றரை வருடமாக ஒன்றாக வேலை செய்தவர்கள். அன்றிரவு அவர் வழக்கத்துக்கு மாறாக, எல்லாரையும் தூங்கப் போகச் சொல்லிவிட்டுத் தானே காவல் நிற்கிறார். கடிதங்களை வாங்கிப்போக வந்த இழுவைப்படகுக்காரருக்குப் போட்ட கயிற்று ஏணி மேலே இழுக்கப்படாமல் தொங்குகிறது. அதை இழுக்கப் போகிறார், வரவில்லை. எட்டிப் பார்த்தால் ஏணியின் அடியில் ஓர் உடல். தலை நிழலில் மறைந்திருப்பதால் முதல் பார்வைக்குத் தலையில்லாப் பிணம்போலத் தெரிகிறது. கேப்டன் வாயிலிருந்த சுருட்டு தண்ணீரில் விழுகிறது. அப்புறம் அந்தப் பிணம் பேசுகிறது.

அவன்தான் லெகாட். இரண்டு மைல் தள்ளி நிற்கும் 'செஃபோரா' கப்பலின் முதல் மேட், அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரி. கடும் புயலில், கப்பலைக் காப்பாற்றிய முன்பாயை விரிக்கும் நேரத்தில், முரண்டு பிடித்த ஒரு மாலுமியின் கழுத்தை நெரித்துக் கொன்றவன். வாரக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள், தப்பி நீந்தி வந்துவிட்டான். கேப்டன் அவனுக்குத் தன் இரவு உடை ஒன்றைக் கொடுத்து, தன் அறையில் நாள்கணக்கில் ஒளித்துவைக்கிறார். செஃபோராவின் கேப்டன் ஆர்ச்போல்ட் தேடி வரும்போது ஏமாற்றி அனுப்புகிறார். கடைசியில் கோ-ரிங் என்ற தீவின் கரைக்கு ஆபத்தான அளவு நெருக்கமாகக் கப்பலை இருட்டில் செலுத்தி, அவன் நீந்திப் போக வழி செய்கிறார். இவ்வளவுதான் கதை.

லெகாட் வெறும் மனத்தோற்றம் என்று வாதிடுகிறவர்கள் சொல்லும் ஆதாரம், கப்பலில் வேறு யாரும் அவனைப் பார்ப்பதில்லை என்பது. உண்மைதான். ஆனால் இல்லாத ஒருவனைத் தேடிக்கொண்டு அடுத்த கப்பலின் கேப்டன் படகேறி வருவாரா? லெகாட்டுக்குப் பசிக்கிறது. கேப்டனுக்கு வரும் காலைக் காப்பியைக் குடிக்கிறான், டின்னில் அடைத்த உணவைத் தின்கிறான். பணியாள் எதிர்பாராமல் குளியலறைப் பக்கம் போகும்போது கேப்டனுக்கு உயிர் போய் உயிர் வருகிறது. அந்த அறையின் அமைப்பையே கான்ராட் எவ்வளவு மெனக்கெட்டு விளக்குகிறார் பாருங்கள். ஆங்கில 'எல்' எழுத்து வடிவில் அறை, கதவு திறப்பது குட்டை மடிப்பில், முழுதாக உள்ளே நுழையாமல் கதவைத் திறப்பவருக்கு நீண்ட மடிப்பு தெரியாது. பேயை ஒளித்துவைக்க இவ்வளவு தச்சுவேலை தேவையில்லை.

மனத்தோற்றம் என்று சொல்லாவிட்டாலும், லெகாட்டைக் கேப்டனின் ஆழ்மனமாகப் படிப்பவர்கள் உண்டு. 1950களில் ஆல்பர்ட் கெரார்ட் என்ற விமர்சகர் இந்த வாசிப்புக்குப் பெரிய பலம் சேர்த்தார். கேப்டன் தனக்குள் இருக்கும் கட்டுக்கடங்காத பகுதியைச் சந்திக்கிறார், ஏற்றுக்கொள்கிறார், பிறகு விடுவிக்கிறார், முழு மனிதராகிறார் என்ற வரிசை அது. இதில் விஷயம் இருக்கிறது. கான்ராட் இந்தக் கதைக்கு முதலில் யோசித்த தலைப்புகளிலேயே 'இரண்டாம் நான்', 'இன்னொரு நான்' என்ற பொருளில் சில இருந்தன. ஆனாலும் எனக்கு இந்த வாசிப்பு வசதியாகத் தப்பித்துக்கொள்வதாகவே படுகிறது. செத்தவன் ஒருவன் இருக்கிறானே, அவன் யாருடைய ஆழ்மனம்? எல்லாம் ஒரே மனதுக்குள் நடக்கும் நாடகம் என்று சொல்லிவிட்டால் அந்த மாலுமியைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. கதையில் அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது.

இந்த 'இரட்டை' என்ற பேச்சு யாருடைய வாயிலிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். கதை முழுக்க அதைச் சொல்வது கேப்டன் மட்டுமே, அதுவும் வருடங்கள் கழித்து நடந்ததை நினைவுகூரும் கேப்டன். லெகாட் ஒருமுறைகூட 'நீ என்னைப் போலவே இருக்கிறாய்' என்பதில்லை. இதைவிட முக்கியமாக, இருவரும் பார்வைக்கு ஒரே மாதிரி இல்லை என்று கேப்டனே ஓரிடத்தில் சொல்லிவிடுகிறார். அவன் உண்மையில் கொஞ்சமும் என்னைப் போல இல்லை, ஆனாலும் ஒரே மாதிரி உடையில் தலையோடு தலை சேர்த்துக் கிசுகிசுத்துக்கொண்டு நிற்கும்போது யாராவது கதவைத் திறந்திருந்தால் இரண்டு கேப்டன்களைப் பார்த்திருப்பார்கள் என்கிறார். அதாவது ஒற்றுமையில் முக்கால்வாசி, அவரே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த கோடு போட்ட இரவு உடையால் வந்தது.

எதற்காக இப்படிச் செய்ய வேண்டும்? லெகாட் கொலையைச் சொல்லத் தொடங்கும் இடத்தைத் திரும்பப் படியுங்கள். விவரங்களைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, அந்த இன்னொரு இரவு உடைக்குள் நானே இருப்பதுபோல எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது என்கிறார் கேப்டன். தனக்கு முன்னால் நிற்பவன் கொலைவெறி பிடித்த போக்கிரி அல்ல என்று அந்த நொடியே முடிவு கட்டிவிடுகிறார். கப்பலில் கேப்டன்தான் சட்டம். ஒருவன் தன் கையால் மனிதனைக் கொன்றேன் என்று சொல்லும்போது, சட்டமாக இருக்க வேண்டியவர் விவரம் கேட்கவில்லை! 'அவன்தான் நான்' என்று வைத்துக்கொண்டால் விசாரிக்க வேண்டியதில்லை, தீர்ப்பும் சொல்ல வேண்டியதில்லை. தன்னைத்தானே யார் பிடித்துக்கொடுப்பார்கள்? என் வாசிப்பில் 'இரட்டை' என்பது கேப்டன் கண்டுபிடித்த உண்மை அல்ல, அவர் போட்டுக்கொண்ட வாதம்.

அந்த முடிவு வெறும் உள்ளுணர்வால் வந்ததும் இல்லை. லெகாட், கப்பல் அதிகாரிகளை உருவாக்கும் 'கான்வே' பயிற்சிக் கப்பலில் படித்தவன். கேப்டனும் அங்கே படித்தவர், இரண்டு மூன்று வருடம் முன்னால். லெகாட்டின் அப்பா நார்ஃபோக்கில் பாதிரியார். பேச்சு, நடத்தை, குடும்பம் எல்லாம் நம்ம ஆள். கொல்லப்பட்டவனோ முன்தளத்து மாலுமி. வாழவே தகுதியில்லாத ஜென்மங்கள் என்ற தொனியில் லெகாட் அவனைப் பற்றிப் பேசும்போது கேப்டன் ஒரு சொல் மறுப்பதில்லை. 1880களின் பிரிட்டிஷ் வணிகக் கப்பலில் அதிகாரிகள் பின்பக்கம், மாலுமிகள் முன்பக்கம் என்று குடியிருப்பே பிரிந்திருந்தது. ஆழ்மனத்தைத் தேடிப் போகும் வாசிப்புகள் கண்ணெதிரே இருக்கும் இந்தப் பிரிவை எளிதாகத் தாண்டிப் போய்விடுகின்றன.

புயலில் நடந்ததற்கும் நமக்கு இரண்டு சாட்சியம் உண்டு. ஆர்ச்போல்ட் நடுங்கிப்போய்விட்டார், முன்பாயை விரிக்க ஆணையே கொடுக்கவில்லை, நானாகத்தான் செய்தேன் என்கிறான் லெகாட். நான்தான் ஆணையிட்டேன், கடவுளின் கை அதில் இருந்தது என்கிறார் ஆர்ச்போல்ட். முப்பத்தேழு வருடம் கடலில் இருந்தவர், மனைவியோடு பயணம் செய்கிறவர், இப்படி ஒன்று தன் கப்பலில் நடந்ததே என்று உண்மையிலேயே நொந்து போயிருப்பவர். கதை சொல்பவரோ அவரைக் கோமாளியாக ஆக்கிவிடுகிறார். காது கேட்காததுபோல் நடித்து அவரைச் சத்தமாகப் பேச வைக்கிறார், உள்ளே ஒளிந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டுமே! பிறகு அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறார். படிக்கும்போது சிரிப்பு வரும், வர வேண்டும். ஆனால் சிரித்து முடித்தபின் யோசித்தால், சட்டத்தின் பக்கம் நின்ற ஒரே மனிதரை நாமும் சேர்ந்து கேலி செய்திருக்கிறோம் என்பது உறைக்கும்.

இனி இந்தக் கதையின் வேர்.

1880இல் புகழ்பெற்ற 'கட்டி சார்க்' கப்பலில், சிட்னி ஸ்மித் என்ற பெயரில் வேலை செய்த முதல் மேட், ஜான் ஃபிரான்சிஸ் என்ற கறுப்பின மாலுமியைக் கனமான கட்டையால் தலையில் அடித்தார். நங்கூரம் ஏற்றும் உருளையில் செருகித் தள்ளும் கட்டை அது. ஃபிரான்சிஸ் இறந்துபோனார். கப்பல் ஜாவாவின் அஞ்சேர் துறைக்கு வந்தபோது கேப்டன் வாலஸ் அந்த மேட் தப்பிப்போக உதவினார். மாலுமிகள் கொதித்துப்போனார்கள், வேலை செய்ய மறுத்தார்கள். கப்பல் அஞ்சேரை விட்டுக் கிளம்பிய சில நாட்களிலேயே வாலஸ் கடலில் குதித்து உயிரைவிட்டார். மேட் பின்னால் பிடிபட்டு, 1882இல் லண்டனில் விசாரிக்கப்பட்டு, கொலைக்குற்றம் அல்லாத மனிதக்கொலைக்காக ஏழு வருடத் தண்டனை பெற்றார். இந்தச் சம்பவம் அந்நாளைய கப்பல்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த பொதுச்சொத்து என்று கான்ராடே பின்னாளில் எழுதினார்.

கான்ராட் இதில் எதையெல்லாம் மாற்றினார் என்பதுதான் எனக்குக் கதையின் சாவி. ஃபிரான்சிஸின் பெயரும் நிறமும் போய்விட்டன. கட்டையால் அடித்தது போய், புயலலைக்கு நடுவே கைகலப்பாகிவிட்டது. கொலையாளி மிகவும் மென்மையாக்கப்பட்டிருக்கிறான். இதெல்லாம் பலரும் கவனித்ததுதான். நான் அதிகம் யோசிப்பது வாலஸைப் பற்றி.

லெகாட் சொல்லும் ஒரு விவரம் நினைவிருக்கிறதா? செஃபோரா சுந்தா நீரிணையைக் கடக்கும்போது ராத்திரி என் அறைக் கதவைப் பூட்டாமல் விடுங்கள் என்று ஆர்ச்போல்டைக் கேட்கிறான். ஜாவா கரை இரண்டு மூன்று மைல் தூரம்தான், நீந்திவிடுவான். ஆர்ச்போல்ட் மறுத்துவிடுகிறார். அந்த இடத்தின் பெயரைக் கான்ராட் சும்மா விடவில்லை. அஞ்சேர் முனை! நிஜத்தில் வாலஸ் கொலையாளியைத் தப்பவிட்ட அதே துறை. அங்கே வாலஸ் செய்ததை ஆர்ச்போல்ட் செய்ய மறுக்கிறார். ஆர்ச்போல்ட் மறுத்ததை, சயாம் வளைகுடாவில் இந்த இளம் கேப்டன் செய்து முடிக்கிறார். வாலஸ் என்ற ஒரு மனிதரைக் கான்ராட் இரண்டு கேப்டன்களாகப் பிளந்திருக்கிறார். ஒருவர் கதவைப் பூட்டுகிறார், இன்னொருவர் திறக்கிறார். கதையில் இரட்டையர் யார் என்று என்னைக் கேட்டால், இந்த இருவரைத்தான் காட்டுவேன். லெகாட் இவர்கள் இருவருக்கும் வைக்கப்பட்ட ஒரே கேள்வித்தாள்.

வாலஸின் முடிவு என்ன ஆயிற்று? தற்கொலை கதையிலிருந்து முழுக்க மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. தேடிக் கிடைக்காத ஆர்ச்போல்ட், முதலாளிகளுக்குத் தற்கொலை என்றுதான் எழுத வேண்டும் என்கிறார். அதாவது லெகாட் கடலில் மூழ்கிச் செத்ததாகக் கணக்கு. கேப்டன் செய்த காரியத்துக்குக் கேப்டன் கொடுத்த விலையை, தப்பியவனின் பெயரில் பொய்க்கணக்காக எழுதிவிட்டார் கான்ராட். கேப்டனோ உயிரோடு, சந்தோஷமாக, கப்பலின் முழுத் தலைவனாக வெளியே வருகிறார். இதே வாலஸின் நிழலைக் கான்ராடின் 'லார்ட் ஜிம்' நாவலிலும் ஆய்வாளர்கள் காண்பதுண்டு. பயணிகளைக் கைவிட்டுக் கப்பலிலிருந்து குதித்த ஜிம்மின் மேல் விசாரணை நடத்தும் குழுவில் உட்கார்ந்த பிரைர்லி என்ற கேப்டன், ஒரு குறையும் இல்லாதவர், கொஞ்ச நாளில் கடலில் குதித்துவிடுகிறார். ஜிம்மும் பாதிரியார் மகன் என்பதைக் கவனியுங்கள். தவறு செய்த இளைஞனுக்குள் தன்னைப் பார்த்துவிட்ட மூத்தவன் என்ன ஆவான் என்பதைக் கான்ராட் ஒருமுறை எழுதி, பதில் மரணம் என்று வைத்தார். ஒன்பது பத்து வருடம் கழித்து அதே கணக்கை எடுத்து வேறு விடை வருகிறதா என்று பார்க்கிறார்.

அந்த வேறு விடை எப்படி வருகிறது என்பதைக் கடைசிக் காட்சியில் பார்க்கலாம். இங்கே கப்பல் ஓட்டும் விவரம் கொஞ்சம் தெரிந்தால்தான் தொப்பி ஏன் முக்கியம் என்பது புரியும். இதைப் பெரும்பாலான விளக்கங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுவதால் நான் சற்று நீட்டிச் சொல்கிறேன்.

லெகாட் கரையேறி வெயிலில் திரிய வேண்டுமே என்ற இரக்கத்தில் கேப்டன் தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்து அழுத்துகிறார். கப்பல் கோ-ரிங்கின் கரிய நிழலுக்குள் போய்விட்டது. இப்போது அதைத் திருப்பியாக வேண்டும். பாய்மரக் கப்பலைக் காற்றின் எதிர்ப்பக்கமாகத் திருப்பும்போது, முன்னோக்கிய வேகம் முழுதாகச் செத்துப்போகும் ஒரு கட்டம் வரும். பின் மெதுவாகப் பின்னோக்கி நகரலாம். பின்னோக்கி நகரத் தொடங்கினால் சுக்கானின் வேலை தலைகீழாகிவிடும். உடனே அதை எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கப்பல் திரும்பாது, பாறைதான். ஒரு கப்பலோடு பழகியவருக்கு அது எப்போது நிற்கும், எப்போது பின்வாங்கும் என்பது கைக்குத் தெரியும். இவருக்குத் தெரியாது, இந்தக் கப்பல் அவருக்கு அந்நியம். இருட்டில் தண்ணீரில் எதையாவது குறியாக வைத்துப் பார்த்தால்தான் கப்பல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்ல முடியும். குறியாகக் கொள்ள எதுவும் இல்லை.

அப்போது ஒரு வெள்ளைப் பொருள் மிதப்பது தெரிகிறது. அவருடைய தொப்பி. நீந்தியபோது லெகாட்டின் தலையிலிருந்து நழுவியிருக்கிறது. அது கப்பலின் அணியத்துப் பக்கமாக, அதாவது முன்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது, அப்படியென்றால் கப்பல் பின்னால் நகர்கிறது. சுக்கானை மாற்றச் சொல்கிறார். கப்பல் திரும்பிவிடுகிறது.

இதில் எதுவும் இரட்டைத்தன்மையின் வெற்றி இல்லை. லெகாட் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே போயிருந்தால், அதாவது கடைசிவரை கேப்டனின் நகலாகவே இருந்திருந்தால், கப்பல் உடைந்திருக்கும். அவன் அதைத் தவறவிட்டதால்தான் பிழைத்தார்கள். இருவரும் பிரிந்த இடத்தில்தான் கேப்டனுக்குத் தன் கப்பல் எந்தத் திசையில் நகர்கிறது என்று தெரிகிறது. இரட்டையைப் பற்றிய பழைய கதைகளில் எட்கர் ஆலன் போவின் வில்லியம் வில்சன் தன் மறு உருவைக் குத்தி, தன்னையே கொன்றுகொள்கிறான். ஸ்டீவன்சனின் ஜெகில், ஹைட் என்ற தன் இன்னொருவனாலேயே அழிகிறார். கான்ராடின் கேப்டன் மட்டும் இன்னொருவனைப் போகவிட்டுப் பிழைக்கிறார்.

ஆனால் அந்தப் பிழைப்புக்குப் பணயம் வைக்கப்பட்டது கப்பலில் இருந்த ஒவ்வொருவரின் உயிரும். கரைக்காற்று கிடைக்கும் என்று பொய் சொல்லித்தான் கப்பலைக் கரைக்குக் கொண்டுபோனார். பயந்து புலம்பிய முதல் மேட்டின் கையைப் பிடித்து உலுக்கியே வேலை வாங்க வேண்டியிருந்தது. பெயர் தெரியாத ஒரு மாலுமியை ஒரு அதிகாரி புயலில் பிடித்து உலுக்கிய காட்சி இதற்கு எதிரே நிற்கிறது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கேப்டனின் கையும் அதே வேலையைச் செய்யக்கூடிய கைதான், கொலைவரை போகவில்லை, அவ்வளவே. அந்த அளவுக்கு 'இரட்டை' என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கதை சொல்பவர் நமக்குக் காட்ட விரும்பும் இரட்டை மட்டும் அதுவல்ல.

இதையெல்லாம் கான்ராட் தெரிந்தேதான் செய்தாரா? இந்தக் கதையில் ஒவ்வொரு சொல்லும் பொருந்தி நிற்கிறது, தயங்கும் ஸ்வரம் ஒன்றுகூட இல்லை என்று 1912இல் நண்பர் எட்வர்ட் கார்னெட்டுக்கு அவர் பெருமையாக எழுதினார். அவரும் 1888 ஜனவரியில் பாங்காக்கில் 'ஒடாகோ' கப்பலுக்கு முதல்முறை கேப்டனாகி, தனக்கு முன்னே இருந்தவர் இறந்துபோன இடத்தில், பழக்கமில்லாத ஆட்களோடு இதே வளைகுடாவில் இறங்கியவர். அந்நியனாக இருப்பதன் நடுக்கம் முழுக்க அவருடையது. கேப்டனின் தீர்ப்பும் அவருடையதுதான் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, காரணம் இந்தக் கதையை அவர் எழுதிய நேரம்.

1909 டிசம்பரில், 'அண்டர் வெஸ்டர்ன் ஐஸ்' என்ற நாவலின் நடுவே அதை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் இதை எழுதினார். அந்த நாவலிலும் ஒரு கொலையாளி முன்பின் எதிர்பார்க்காத ஒருவனின் அறைக்குள் நுழைகிறான். ரஸ்யாவில் மந்திரியைக் குண்டு வீசிக் கொன்ற ஹால்டின், மாணவன் ரஸுமோவ் தன்னைக் காப்பாற்றுவான் என்று நம்பி வருகிறான். ரஸுமோவ் அவனைப் போலீஸிடம் காட்டிக்கொடுக்கிறான். சட்டப்படி செய்தவன் அவன், ஆர்ச்போல்டின் பக்கம். நாவல் முழுக்க அந்தச் செயல் அவனை அரித்துத் தின்கிறது. மறைத்தவன் சந்தோஷமாகக் கப்பல் ஓட்டுகிறான், காட்டிக்கொடுத்தவன் நொறுங்குகிறான் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஹால்டினின் குண்டில் செத்த வழிப்போக்கர்களை நாவல் மறப்பதில்லை, ரஸுமோவ் கடைசியில் தானே எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிறான். சிறுகதையின் கேப்டன் அப்படி யாரிடமும் எதையும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. நமக்கு இந்தக் கதையைச் சொல்வது ஒன்றைத் தவிர. அதையும் 'அவன் என் இரட்டை' என்ற நிபந்தனையோடுதான் சொல்கிறார்.